பிறந்த முதல் நிமிடத்தில் 10-க்கு எவ்வளவு? குழந்தைகளுக்கு எண் போட்ட வர்ஜீனியா அப்கர் யார்?

உங்கள் வீட்டில் சமீபத்தில் குழந்தை பிறந்திருக்கிறதா? மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பிறந்த நேரம், எடை, ரத்த வகை இவற்றுக்கு நடுவே அப்கர் என்று போட்டு 8/10, 9/10 என இரண்டு எண்கள் இருக்கக்கூடும். முதலாவது, குழந்தை பிறந்து 1 நிமிடத்தில் போட்டது. இரண்டாவது, 5 நிமிடத்தில் போட்டது.

மார்க் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். அதனால் அந்த 8-ஐப் பார்த்ததும், மீதி 2 எங்கே போச்சு என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். ராத்திரி 2 மணிக்குக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இதை கூகுளில் தேடும் அப்பாக்களும் உண்டு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், 8 என்பது நல்ல எண். உங்கள் குழந்தை எதிலும் தோற்கவில்லை.

அப்கர் என்பது ஏதோ நீளமான மருத்துவப் பெயரின் சுருக்கம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு பெண்ணின் பெயர். வர்ஜீனியா அப்கர், அமெரிக்காவைச் சேர்ந்த மயக்க மருந்து மருத்துவர். 1909-ல் பிறந்து 1974-ல் இறந்தவர். அவர் பெயரில் உள்ள அந்த எண்ணை உலகம் முழுக்க மருத்துவர்களும் செவிலியர்களும் இன்றும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அந்த எண் எதற்காக வந்தது, எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்ற மூன்றும் பெரும்பாலும் ஒன்றாகக் குழம்பிப்போய்க் கிடக்கின்றன. அவர் வாழ்க்கையைப் பார்த்தால் அந்தக் குழப்பம் தீரும்.

அறுவை சிகிச்சை நிபுணராக ஆசைப்பட்டவர்

நியூ ஜெர்சி மாநிலத்தின் வெஸ்ட்ஃபீல்ட் அவருடைய ஊர். வீட்டில் இசையும் அறிவியலும் இருந்தன. நோயும் இருந்தது. ஒரு அண்ணன் சிறு வயதிலேயே காசநோயில் இறந்துபோனார். மவுண்ட் ஹோலியோக் கல்லூரியில் விலங்கியல் படித்துவிட்டு, 1929-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். சேர்ந்த சில வாரங்களில் அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்தது. கடன் வாங்கித்தான் படித்து முடித்தார்.

1933-ல் பட்டம் வாங்கியபோது அவருடைய இலக்கு அறுவை சிகிச்சைத் துறை. பயிற்சியும் அதில்தான் தொடங்கினார். துறைத் தலைவர் ஆலன் விப்பிள் அவருடைய திறமையைப் பார்த்தார், ஆனால் வேறு துறைக்குப் போகச் சொன்னார். பொருளாதார மந்தக் காலத்தில் ஆண் அறுவை சிகிச்சை நிபுணர்களே நோயாளி கிடைக்காமல் திண்டாடினார்கள். ஒரு பெண்ணிடம் யார் வருவார்கள் என்பது அவருடைய கணக்கு. மயக்க மருந்துத் துறைக்குப் போ என்றார்.

அது அன்று பதவி உயர்வு மாதிரியான யோசனை இல்லை. அப்போது அமெரிக்காவில் மயக்க மருந்து கொடுப்பது பெரும்பாலும் செவிலியர்களின் வேலை, அதைத் தனித் துறையாகவே பலர் மதிக்கவில்லை. அப்கர் போனார். விஸ்கான்சினில் ரால்ஃப் வாட்டர்ஸிடமும் பிறகு நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையிலும் பயிற்சி எடுத்து, 1938-ல் கொலம்பியாவுக்குத் திரும்பி மயக்க மருந்துப் பிரிவின் தலைவரானார். ஆள் பற்றாக்குறை, அறுவை சிகிச்சை நிபுணர்களின் அலட்சியம், நடுவில் உலகப் போர் என்று 11 ஆண்டுகள் அந்தப் பிரிவைத் தூக்கி நிறுத்தினார்.

1949-ல் அது தனித் துறையாக உயர்ந்தபோது தலைவர் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. இமானுவேல் பேப்பர் என்ற இளையவருக்குப் போனது. அதே ஆண்டு அப்கர் முழுப் பேராசிரியர் ஆனார். அந்தக் கல்லூரியில் அந்த இடத்துக்கு வந்த முதல் பெண் அவர்தான். அது பெருமைதான், ஆனால் கட்டி எழுப்பிய துறையின் நாற்காலிக்கு அது ஈடாகுமா? அவர் வெளிப்படையாகச் சண்டை போட்டதாகத் தெரியவில்லை. நிர்வாக வேலையை விட்டுவிட்டு, பிரசவ அறைக்கு நகர்ந்தார்.

யாரும் பார்க்காத முதல் நிமிடம்

இங்கே ஒரு புள்ளிவிவரம் முக்கியம். 1930-களுக்கும் 1950-களுக்கும் இடையில் அமெரிக்காவில் குழந்தை இறப்பு விகிதம் நன்றாகக் குறைந்தது. ஆனால் பிறந்த முதல் 24 மணி நேரத்தில் நடக்கும் இறப்புகள் மட்டும் ஏறக்குறைய அப்படியே நின்றன. டேட்டாவோடு வேலை செய்பவர்களுக்கு இது பழக்கமான காட்சி. மொத்த வரைபடம் கீழே இறங்கும், உள்ளே ஒரு பகுதி மட்டும் படுத்தே கிடக்கும். அந்தப் படுத்துக்கிடக்கும் கோட்டில்தான் செய்தி இருக்கும்.

காரணம் என்ன? பிரசவம் முடிந்ததும் அறையில் இருந்த எல்லோருடைய கவனமும் தாய் மீது இருந்தது. ரத்தப்போக்கு, நஞ்சுக்கொடி, தையல், மயக்கம் தெளிவது என்று அவர்களுக்கு வேலை இருந்தது. குழந்தை அழுதால் நல்லது. அழாமல் நீலம் பாரித்துக் கிடந்தால் தட்டுவார்கள், தலைகீழாகப் பிடிப்பார்கள், சில இடங்களில் வெந்நீரிலும் தண்ணீரிலும் மாற்றி மாற்றி முக்குவார்கள். எந்தக் குழந்தைக்கு உடனே உதவி வேண்டும், எதைச் சும்மா விடலாம் என்பதற்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு மருத்துவர் பரவாயில்லை என்று எழுதும் குழந்தையை இன்னொருவர் மோசம் என்று எழுதலாம். மூச்சு விடத் திணறிய சில குழந்தைகள் இறந்தே பிறந்தவை என்ற கணக்கில் ஒதுக்கப்பட்டதும் நடந்தது.

மயக்க மருந்து மருத்துவர் என்பதால் அப்கரின் பார்வை வேறாக இருந்தது. அவருக்குப் பழக்கமான வேலையே, பேச முடியாத நோயாளியின் நாடி, மூச்சு, தோலின் நிறம், தசையின் இறுக்கம் ஆகியவற்றைப் பார்த்து அடுத்த நிமிடம் என்ன செய்வது என்று முடிவெடுப்பதுதான். பிறந்த குழந்தையும் பேச முடியாத நோயாளிதானே.

1949-ல் மருத்துவமனை உணவகத்தில் காலைச் சாப்பாட்டின்போது ஒரு மாணவர், பிறந்த குழந்தையின் நிலையை எப்படி மதிப்பிடுவது என்று கேட்டதாகவும், சாப்பிட்ட தட்டை எடுத்து வையுங்கள் என்று எழுதி வைத்திருந்த அட்டையை இழுத்து அதிலேயே ஐந்து அம்சங்களை அப்கர் எழுதியதாகவும் ஒரு கதை உண்டு. எழுதியதும் அதைச் சோதித்துப் பார்க்கப் பிரசவ அறைக்கு ஓடினாராம்.

அந்த ஐந்து என்னென்ன?

இதயத்துடிப்பு, மூச்சு, தசை இறுக்கம், தூண்டினால் காட்டும் எதிர்வினை, நிறம். ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்ற மூன்றே வாய்ப்புகள்.

இதயத்துடிப்பு இல்லையென்றால் 0, நிமிடத்துக்கு 100-க்குக் கீழே என்றால் 1, அதற்கு மேல் 2. மூச்சே இல்லையென்றால் 0, விட்டுவிட்டு மெதுவாக வந்தால் 1, ஓங்கி அழுதால் 2. கை கால் துவண்டு தொங்கினால் 0, கொஞ்சம் மடக்கினால் 1, நன்றாக உதைத்தால் 2. மூக்கில் குழாயை விட்டால் அசைவே இல்லையென்றால் 0, முகம் சுளித்தால் 1, தும்மினாலோ இருமினாலோ 2. உடல் முழுக்க வெளிறியோ நீலமாகவோ இருந்தால் 0, உடல் சிவந்து கை கால் மட்டும் நீலமாக இருந்தால் 1, முழுக்கச் சிவந்திருந்தால் 2.

அவ்வளவுதான். ரத்தப் பரிசோதனை வேண்டாம், பெரிய கருவி வேண்டாம். இதை மிகச் சாதாரணம் என்று நினைக்கலாம். ஆனால் இதில் மூன்று நுணுக்கங்கள் இருக்கின்றன. நேரம் நிர்ணயிக்கப்பட்டது, பிறந்து சரியாக 60 விநாடி. சுமாராக இருக்கிறான் போன்ற வார்த்தைகளுக்கு இடமில்லை, மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகணும். மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பிரசவம் பார்த்த மருத்துவரே எண் போடக் கூடாது என்பதில் அப்கர் உறுதியாக இருந்தார். ஏன்னா, தான் வெளியே எடுத்த குழந்தை நன்றாக இருக்கணும் என்ற ஆசை அவருக்கு இருக்கும். அந்த ஆசை எண்ணிலும் ஏறிவிடும். நம் அலுவலகத்தில் சுயமதிப்பீட்டுப் படிவம் நிரப்பிய யாருக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

எண் என்ன சொன்னது?

1952-ல் இதை ஒரு மருத்துவ மாநாட்டில் வைத்தார். 1953-ல் ஆய்வுக் கட்டுரையாக வந்தது. அதில் நிறைமாதக் குழந்தைகளைப் பற்றி அவர் கொடுத்த கணக்கு இது. 0 முதல் 2 வரை வாங்கிய குழந்தைகளில் 14% இறந்தன. 3 முதல் 7 வரை வாங்கியவற்றில் 1.1%. 8 முதல் 10 வரை வாங்கியவற்றில் 0.13%. அதாவது கீழ்த்தட்டில் ஏழில் ஒன்று, மேல்தட்டில் சுமார் 770-ல் ஒன்று. கண்ணால் பார்த்து ஒரு நிமிடத்தில் போட்ட எண் இவ்வளவு பெரிய இடைவெளியைக் காட்டியது.

1958-ல் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து 15,348 குழந்தைகளின் விவரங்களோடு இரண்டாவது அறிக்கை வெளியிட்டார். அதற்குள் எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு சாட்சி வந்திருந்தது. டங்கன் ஹாலடே, ஸ்டான்லி ஜேம்ஸ் ஆகியோருடன் சேர்ந்து பிறந்த குழந்தைகளின் ரத்தத்தை அளந்தார்கள். பிறக்கும்போது ஆக்சிஜன் குறைவாக இருப்பது இயல்புதான், தானாகச் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை அன்று பரவலாக இருந்தது. அளந்து பார்த்தால், குறைந்த எண் வாங்கிய குழந்தைகளின் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து அமிலத்தன்மை ஏறியிருந்தது. பொறுத்திருந்து பார்ப்போம் என்ற அணுகுமுறைக்கு அங்கே அடி விழுந்தது. காத்திருக்காமல் மூச்சுக்கு உதவணும் என்ற முடிவுக்கு ஆதாரம் கிடைத்தது.

இதே ஆய்வுகளில் அப்கருக்கே ஒரு சோதனை வந்தது. பிரசவத்தின்போது தாய்க்குக் கொடுக்க அவர் விரும்பிப் பயன்படுத்திய மயக்க வாயு, சைக்ளோபுரோப்பேன். அந்த வாயு கொடுத்த தாய்மார்களின் குழந்தைகள் சோர்ந்து பிறப்பதை அவருடைய சொந்த எண்களே காட்டின. அதைப் பார்த்ததும் அந்த வாயுவைப் பிரசவத்துக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டார். தான் கண்டுபிடித்த அளவுகோல் தன் பழக்கத்துக்கு எதிராகச் சாட்சி சொல்லும்போது, டேட்டாவில் ஏதோ கோளாறு என்று சமாளிக்க எத்தனையோ வழி இருக்கிறது. அவர் சமாளிக்கவில்லை.

எனவே அந்த எண்ணுக்கு இரண்டு வேலைகள் இருந்தன. ஒன்று, யாராவது ஒருவர் குழந்தையைக் கட்டாயம் உற்றுப் பார்க்க வைப்பது. கேஸ் ஷீட்டில் எண் எழுதணும் என்றால் குழந்தையைப் பார்த்தே ஆகணும்ல. இரண்டு, எந்தச் சிகிச்சை நல்லது என்று ஒப்பிட உதவுவது. சிசேரியனில் தண்டுவடத்தில் ஊசி போட்டால் குழந்தை எப்படி இருக்கிறது, முழு மயக்கம் கொடுத்தால் எப்படி இருக்கிறது என்று முதல் கட்டுரையிலேயே அவர் ஒப்பிட்டார். ஊசி போட்ட தாய்மார்களின் குழந்தைகளுக்கு எண் தெளிவாக அதிகமாக இருந்தது. இத்தகைய ஒப்பீட்டில், எந்தத் தாய்க்கு எந்த மயக்கம் என்பதைத் தீர்மானித்த காரணமே குழந்தையின் நிலையையும் பாதித்திருக்கலாம் என்ற எச்சரிக்கை எப்போதும் தேவை. ஆனால் ஒப்பிடுவதற்கு ஒரு எண்ணாவது அதற்கு முன்பு இருந்ததா?

அவருடைய பெயரின் ஐந்து ஆங்கில எழுத்துகளில் ஐந்து அம்சங்களையும் பொருத்தி, மனப்பாடம் செய்ய வசதியாக்கியது பின்னால் வந்த ஒரு குழந்தை மருத்துவர். அது 1960-களின் தொடக்கத்தில். பெயர் வெறும் சுருக்கம் என்ற தவறான எண்ணம் அதிலிருந்து வந்ததுதான்.

வயலினும் டெலிபோன் பூத்தும்

ஒரு சின்ன விலகல். எந்த நேரத்திலும் வழியில் யாராவது மூச்சு அடைத்து விழுந்தால் உதவ, அப்கர் தன் கைப்பையில் சிறு கத்தியும் குழாயும் வைத்திருப்பார். ஐம்பது வயதுக்கு மேல் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். நரம்பு இசைக்கருவிகளை வாசித்ததோடு நிற்காமல், கார்லீன் ஹட்சின்ஸ் என்ற கைவினைஞரிடம் கற்றுத் தானே செய்யவும் தொடங்கினார். மருத்துவமனை டெலிபோன் பூத்தில் இருந்த ஒரு மேப்பிள் மரப் பலகை, வயோலாவின் முதுகுப் பக்கத்துக்கு அற்புதமாக இருக்கும் என்று இருவருக்கும் தோன்றியது. கேட்டார்கள், நிர்வாகம் தரவில்லை. ஒரு ராத்திரி ஹட்சின்ஸ் உள்ளே பலகையைக் கழற்றி வேறொன்றை மாட்ட, அப்கர் வெளியே காவல் நின்றார். பலகை வயோலா ஆகிவிட்டது. 1994-ல் அமெரிக்கா அவர் படத்தோடு 20 சென்ட் தபால்தலை வெளியிட்டபோது, அவர் செய்த கருவிகளிலேயே இசை வாசித்தார்கள்.

1959-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பொதுச் சுகாதாரப் பட்டம் வாங்கிய கையோடு, மார்ச் ஆஃப் டைம்ஸ் அமைப்பில் சேர்ந்து பிறவிக் குறைபாடுகள் பற்றிய பணிக்குத் தலைமை ஏற்றார். கடைசி வரை ஊர் ஊராகப் பேசினார், நிதி திரட்டினார். திருமணம் செய்துகொள்ளவில்லை. 1974 ஆகஸ்ட் 7 அன்று, தான் பயின்ற அதே மருத்துவமனையில் கல்லீரல் நோயால் இறந்தார். அதே ஆண்டுதான் தலைக்காயம் பட்டவர்களின் நினைவுநிலையை அளக்கும் கிளாஸ்கோ அளவுகோல் வெளியானது. கண்ணால் பார், எண் போடு, மறுபடி பார் என்ற அதே வழி.

அப்போ, இந்த எண்ணை வைத்துத்தான் சிகிச்சையா?

இல்லை. பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான். குழந்தை மூச்சு விடவில்லை என்றால், 1 நிமிடம் ஆகட்டும், எண் போட்டுவிட்டு முடிவெடுப்போம் என்று எந்தக் குழுவும் இன்று காத்திருப்பதில்லை. வெளியே வந்த விநாடியே மூன்று கேள்விகள்தான். நிறைமாதமா? அழுகிறதா அல்லது மூச்சு விடுகிறதா? கை கால் இறுக்கமாக இருக்கிறதா? இதில் ஒன்றுக்கு இல்லை என்று பதில் வந்தாலும் துடைத்து, சூடாக வைத்து, கழுத்தைச் சரியாக நிமிர்த்தி, முதுகைத் தேய்த்துப் பார்ப்பார்கள். அப்படியும் மூச்சு வரவில்லை, அல்லது துடிப்பு 100-க்குக் கீழே என்றால், முதல் 60 விநாடிக்குள் முகமூடியும் பையும் வைத்து நுரையீரலுக்குக் காற்றை அனுப்பத் தொடங்கணும். கோல்டன் மினிட் என்று சொல்வது இதைத்தான்.

அப்கர் எண் இதற்கெல்லாம் பக்கத்தில் ஓடும் பதிவு. சிகிச்சைக்குக் குழந்தை எப்படிப் பதில் சொன்னது என்பதை அது காட்டும். 1 நிமிடத்தில் 4, 5 நிமிடத்தில் 8 என்றால் உதவி பலித்திருக்கிறது என்று அர்த்தம். 5 நிமிடத்திலும் 7-க்குக் கீழே என்றால், 20 நிமிடம் வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி போடுவார்கள்.

இன்னொன்று, இது உங்கள் குழந்தையின் அறிவுத்திறனையோ எதிர்காலத்தையோ சொல்லும் எண் இல்லை. ஆயிரக்கணக்கான குழந்தைகளைக் கூட்டாகப் பார்க்கும்போது குறைந்த எண்ணுக்கும் ஆபத்துக்கும் தொடர்பு தெரியும். ஒரு தனிக் குழந்தைக்கு என்ன ஆகும் என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. குறைமாதத்தில் பிறந்தாலோ, தாய்க்குக் கொடுத்த மருந்தாலோகூட எண் குறையும். மூளைக்கு ஆக்சிஜன் போகவில்லை என்பதற்கு இந்த எண் ஒன்றையே ஆதாரமாகக் காட்டக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அமைப்பு தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வழக்குகளில் அப்படிக் காட்டுவதும் நடப்பதால்தான் அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

இந்தியாவில் முதல் நிமிடம் இன்னும் கனமானது. 2020-ம் ஆண்டுக்கான எஸ்.ஆர்.எஸ். கணக்கெடுப்பின்படி, உயிரோடு பிறந்த 1,000 குழந்தைகளில் 28 குழந்தைகள் முதல் பிறந்தநாளுக்குள் இறந்தன. அதில் 20 இறப்புகள் முதல் 28 நாளில். அதிலும் 15 முதல் வாரத்துக்குள்ளேயே. பிரசவ அறைப் பணியாளர்களுக்கு மூச்சு மீட்புப் பயிற்சி தர 2009-ல் நவ்ஜாத் சிஷு சுரக்ஷா என்ற திட்டத்தை மத்திய அரசு தொடங்கியதற்கு இதுவே பின்னணி. பிரசவ நேரத்தில் குழந்தையைக் கவனிக்க மட்டும் பயிற்சி பெற்ற ஒருவர் தனியாக இருப்பாரா, மாஸ்க்கும் பையும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்குமா என்று மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போது நீங்கள் தயங்காமல் கேட்கலாம். அறையில் ஏ.சி. இருக்கா என்பதைவிடப் பயனுள்ள கேள்விகள் இவை.

சரி, அந்த 2 எங்கே போச்சு?

பெரும்பாலும் நிறத்தில்தான். கருப்பையில் குறைந்த ஆக்சிஜனில் பழகிய உடல், வெளிக்காற்றுக்கு மாறச் சில நிமிடங்கள் எடுக்கும். ஆரோக்கியமான குழந்தைக்கே முதல் நிமிடத்தில் ரத்த ஆக்சிஜன் அளவு 60 முதல் 65% அளவில்தான் இருக்கும். 5 நிமிடத்தில் 80-ஐ எட்டும், 85-ஐத் தாண்ட 10 நிமிடம் ஆகலாம். அதனால் உள்ளங்கையும் பாதமும் கொஞ்ச நேரம் நீலமாகவே இருக்கும். முதல் நிமிடத்தில் முழு 10 வாங்கும் குழந்தைகள் அபூர்வம்.

ஐந்தில் நிறம்தான் மிகவும் திருப்தியில்லாத அம்சம் என்று அப்கரே 1953 கட்டுரையில் எழுதியிருக்கிறார். குழந்தையின் இயல்பான தோல் நிறம் குறுக்கே வரும் என்பதையும் அப்போதே குறிப்பிட்டார். எழுபது ஆண்டுகள் கழித்து அந்தக் குறிப்பு மறுபடி விவாதத்தில் இருக்கிறது. கறுப்பினக் குழந்தைகளுக்கு எண் குறைவாக விழுவதில் நிறம் என்ற அம்சத்துக்குப் பங்கு உண்டா, அதை நீக்கிவிடலாமா என்று அமெரிக்க ஆய்வாளர்கள் கேட்கிறார்கள். வெள்ளைத் தோலை மனதில் வைத்து எழுதிய சிவப்பு, நீலம் என்ற சொற்கள் மாநிறக் குழந்தைகள் பிறக்கும் நம் பிரசவ அறைகளுக்கும் அப்படியே வந்து சேர்ந்திருக்கின்றன. அதனால் அனுபவமுள்ள குழந்தை மருத்துவர்கள் தோலைப் பார்ப்பதில்லை. நாக்கையும் உதட்டின் உட்பக்கத்தையும் பார்க்கிறார்கள். சந்தேகம் வந்தால், குழந்தையின் வலது கையில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரைக் கட்டிவிடுகிறார்கள்.